பிராங்கியரின் பொற்காசுகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயங்களைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில், ரோமானியக் காசுகள் வரை எல்லோரும் ஆவலோடு கேட்பார்கள். அடுத்த படம் திரையில் வந்ததும் முகம் மாறிவிடும். நகத்தளவு தங்கத் துண்டு, கோணல் முகம், தலைகீழ் எழுத்து. “இதையா காட்டுகிறீர்கள்?” என்பார்கள். நான் மிகவும் நேசிக்கும் காசுகள் இவைதான். ஒரே ஐயங்கள் மீண்டும் மீண்டும் வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிராங்கியர் என்றால் பிரெஞ்சுக்காரர்களா? இவை எந்தக் காலத்துக் காசுகள்?

பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, ஆனால் பிரான்ஸ் என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான். பிராங்கியர் ரைன் ஆற்றங்கரைப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மானிய மக்கள். மேற்கு ரோமப் பேரரசு சரிந்தபோது, 481 முதல் 511 வரை ஆண்ட குளோவிஸ் என்ற அரசன் இன்றைய பிரான்சின் பெரும்பகுதியைக் கைப்பற்றினான். அவன் வழிவந்தவர்கள் மெரோவிஞ்சியர் எனப்படுகிறார்கள். அண்ணன் தம்பிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டதால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரசுகள் இருந்தன. 751 வரை இந்த வம்சம் நீடித்தது. பொற்காசு அடித்த காலம் அதைவிடக் குறைவு: குளோவிஸ் காலத்திலிருந்து சுமார் 675 வரை.

அந்தக் காசுக்கு என்ன பெயர்? எவ்வளவு தங்கம் இருக்கும்?

ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நிறுவிய பொற்காசின் பெயர் சொலிடஸ். ஒரு ரோமன் பவுண்டு தங்கத்தில் 72 காசுகள். ஒன்று ஏறத்தாழ நாலரை கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ட்ரெமிஸ்ஸிஸ், சுமார் ஒன்றரை கிராம். பிராங்கியர் பெருமளவில் அடித்தது இந்தச் சிறிய காசைத்தான்.

6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் எடையையும் குறைத்தார்கள். சிலிகுவா என்பது ரோமானியரின் ஒரு சிறு எடை அலகு. சொலிடஸ் என்பது 24 சிலிகுவா எடை. ட்ரெமிஸ்ஸிஸ் 8 சிலிகுவா. தென்பகுதியான புரோவான்சில் அது 7 சிலிகுவா ஆயிற்று, அதாவது சுமார் 1.3 கிராம். குறைத்ததை மறைக்கவும் இல்லை. அந்தக் காசுகளிலேயே ‘ஏழு’ என்று ரோமன் எண்ணில் பொறித்தார்கள். பெரிய காசில் ‘இருபத்தொன்று’ என்று. இன்றைய கணக்கில் ஆறு ட்ரெமிஸ்ஸிஸ் சேர்ந்தால்தான் ஒரு சவரன் எடையை நெருங்கும்.

தங்கள் காசில் வேறு நாட்டுப் பேரரசனின் பெயரை ஏன் போட்டார்கள்? அடிமைப்பட்டிருந்தார்களா?

அடிமைப்படவில்லை. மேற்கு சரிந்த பிறகும் நீடித்த கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் குளோவிஸுக்குக் கட்டளையிட முடியாது. ஆனாலும் அவன் காலத்துக் காசுகளில் இருப்பது பேரரசன் அனஸ்தாசியஸின் பெயர். அவனுக்குப் பின் ஜஸ்டின், ஜஸ்டினியன் பெயர்களும் வந்தன. பின்பக்கத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை.

காரணம் நம்பிக்கை. மத்தியதரைக் கடல் வணிகன் பொற்காசை வாங்கும்போது தேடுவது பேரரசனின் முகத்தை. பழகிய முகம் இருந்தால் கேள்வி கேட்காமல் வாங்குவான். தெரியாத குறுநில மன்னனின் முகம் இருந்தால் உரைகல்லை எடுப்பான். ஆகவே நூறாண்டுகளுக்கு அருகே பிராங்கியர் பேரரசின் காசைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் எழுத்துகள் கொஞ்சம் சிதைந்தன. வெற்றித் தேவதையின் சிறகு கடைசியில் நான்கு கோடுகளாக நின்றது.

முதன்முதலில் தன் பெயரைப் போட்ட அரசன் யார்? அதில் அப்படியென்ன பெரிய விஷயம்?

குளோவிஸின் பேரன் தியூடபெர்ட். 530களில் பட்டத்துக்கு வந்தவன். 539இல் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் படை நடத்தினான். அவனுடைய சொலிடஸில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய உருவம் ஜஸ்டினியனின் காசில் உள்ளபடியே இருக்கிறது. சுற்றியுள்ள பெயர் மட்டும் ‘நம் தலைவன் தியூடபெர்ட், வெற்றியாளன்’.

அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அன்று வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸின் சினத்திலிருந்து அறியலாம். பாரசீகப் பேரரசன்கூட வெள்ளியில் விருப்பம்போல் காசு அடிக்கிறான். தங்கத்தில் தன் முகத்தைப் பொறிப்பதில்லை. பொறித்தாலும் வணிகர்கள் வாங்கமாட்டார்கள் என்று எழுதுகிறார். பிராங்கியர் செய்துவிட்டார்களே என்பதுதான் அவருடைய ஆற்றாமை.

அதே நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிவைத்த ஒரு கதை இலங்கையில் நடக்கிறது. ரோமானிய வணிகன் சோபட்ரஸும் ஒரு பாரசீகனும் இலங்கை அரசன் முன் நின்று, தத்தம் பேரரசனே பெரியவன் என்று வாதிடுகிறார்கள். இருவரின் காசுகளையும் பாருங்கள் என்கிறான் சோபட்ரஸ். ஒன்று பளிச்சிடும் தங்கம், மற்றது வெள்ளி. அரசன் ரோமானியருக்கே பெருமை என்று தீர்ப்பளிக்கிறான். சொன்னவர் ரோமானியர் பக்கத்தவர் என்பதால் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பொற்காசில் இருக்கும் முகத்துக்கு அன்று என்ன மதிப்பு என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

பிறகு வந்த காசுகளில் அரசன் பெயரே இல்லையே. இருப்பது யாருடைய பெயர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தியூடபெர்ட் தன் பெயரைப் பொறித்தான் அல்லவா? அதற்குப் பின் எல்லா அரசர்களும் அப்படியே செய்திருப்பார்கள் என்று நினைப்போம். நடந்தது வேறு. 570களிலிருந்து பெரும்பாலான காசுகளில் பேரரசனும் இல்லை, அரசனும் இல்லை. ஒரு பக்கத்தில் ஊரின் பெயர். மறுபக்கத்தில் அந்தக் காசை அடித்த ஆளின் பெயர், ‘மொனெட்டாரியுஸ்’ என்ற பட்டத்தோடு. காசடிப்பவர் என்று பொருள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசடிப்பவர்களின் பெயர்கள் இப்படி நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஊர்களும் நூற்றுக்கணக்கில். பாரிஸ், லியோன் போன்ற நகரங்கள் மட்டுமல்ல; கிராமங்கள், பண்ணைகள், மடங்கள்கூட அவற்றில் உண்டு. இவர்களில் பெரும்பாலோரைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அரசர்களையும் ஆயர்களையும் (பிஷப்புகளையும்) பற்றி எழுதியவர்கள் இவர்களைக் கவனிக்கவில்லை. ஒன்றேகால் கிராம் தங்கத்தில் ஒரு வட்டமாக ஓடும் பெயர்தான் அவர்கள் வாழ்ந்ததற்கு இருக்கும் ஒரே சான்று. இந்தக் காசில் அரசனைத் தேடி ஏமாறுகிறவர்களிடம் நான் சொல்வது: ஓரத்தைப் படியுங்கள்.

அத்தனை ஊர்களில் ஏன் அடித்தார்கள்? ஒரே நாணயசாலை போதாதா?

வரிதான் காரணம் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. புனிதர் எலிகியுஸின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. பிரான்சின் நடுப்பகுதியில் லிமோஷ் நகருக்கு அருகே சொலின்யாக் என்ற ஊரில் வரி வசூலாகிவிட்டது. அரண்மனைக்கு அனுப்புமுன் தங்கத்தைப் புடம் போட்டுத் தூய்மையாக்க அரசு அதிகாரியும் காசடிப்பவரும் உலையை மூட்டுகிறார்கள். மூன்று நான்கு நாள் ஆகியும் வேலை முடியவில்லை. அதற்குள் அந்த ஊரை அரசன் எலிகியுஸுக்குக் கொடுத்துவிட்டான் என்ற செய்தியோடு ஆள் வருகிறான். எழுதியவருக்கு அது தெய்வச் செயல். நமக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: வரித் தங்கம் வசூலான இடத்திலேயே உருக்கப்பட்டது, அதற்குப் பொறுப்பேற்றவர் காசடிப்பவர். அவர் பெயர் காசில் இருப்பது மாற்றுக்கு, அதாவது தங்கத்தின் தூய்மைக்கு, அவர் தரும் உத்தரவாதம்.

காசடிப்பவரே புனிதரானார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவர்தான் மேலே சொன்ன எலிகியுஸ். லிமோஷ் அருகே பிறந்து, அந்நகரில் அபோ என்ற பொற்கொல்லரிடம் தொழில் கற்றார். இரண்டாம் குளோதார் அரசன் ஓர் அரியணை செய்யத் தங்கம் எடைபோட்டுக் கொடுத்தான். எலிகியுஸ் முதலில் ஓர் அரியணையைக் கொண்டு வைத்தார். அரசன் வியந்து பாராட்டிய பிறகு, மிச்சத் தங்கத்தில் செய்த இரண்டாவதையும் கொண்டு வைத்தார். சேதாரக் கணக்கு எழுதித் தங்கத்தை ஒதுக்கிக்கொள்ளாத பொற்கொல்லர் என்பதுதான் கதையின் உயிர்.

அவர் பெயர் பொறித்த காசுகள் இன்றும் உள்ளன. அரசன் டாகோபெர்ட் (629–639), அவன் மகன் இரண்டாம் குளோவிஸ் ஆகியோரின் பெயரோடு சேர்ந்து எலிகியுஸின் பெயரும் வருகிறது. 641இல் நொயோன் நகர ஆயரானார். ஐரோப்பாவில் பொற்கொல்லர்களின் காவல் புனிதர் இன்றும் அவரே.

எழுத்துகளை எப்படிப் படிப்பது? எனக்கு வெறும் கோடுகளாகத்தான் தெரிகின்றன.

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். லத்தீன் எழுத்துகளே, ஆனால் பிராங்கியர் வடிவில். ‘எஸ்’ படுத்துக் கிடக்கும். ‘ஓ’ சில காசுகளில் சாய்சதுரம். ‘சி’ ஒரு பக்கம் திறந்த பெட்டி. ‘ஏ’வுக்குக் குறுக்குக் கோடு இருக்காது. அச்சில் எழுத்தைத் தலைமாற்றிச் செதுக்க வேண்டும். செதுக்கியவர் மறந்த இடத்தில் காசில் எழுத்து திரும்பி நிற்கும்.

டொரெஸ்டாட் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் ரைன் கிளையாற்றின் கரையில் இருந்த துறைமுகம் அது. முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை. முடிக்குப் பதில் வரிவரியாகக் கோடுகள், கண்ணுக்கு ஒரு குமிழ். தலைக்கு மேலே தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் படித்தால் ‘டொரெஸ்டாட்டி ஃபிட்’: டொரெஸ்டாட்டில் செய்யப்பட்டது. திருப்பினால் சிலுவை, அதைச் சுற்றி ‘மாடெலினுஸ்’, இறுதியில் ‘எம்’. அந்த ‘எம்’ காசடிப்பவர் என்பதன் சுருக்கம். மாஸ்ட்ரிக்ட்டில் வேலை பார்த்துவிட்டு 7ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டொரெஸ்டாட்டுக்கு வந்தவர் மாடெலினுஸ். அவருடைய காசுக்கு அத்தனை மதிப்பு இருந்ததால், அவருக்குப் பின்னும் அந்தக் கடற்கரைப் பகுதியின் பிரீசிய நாட்டார் அவர் பெயரையே பார்த்துப் பார்த்துப் பொறித்தார்கள். அந்தப் பிரதிகளில் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைந்து வெறும் கோடுகளாகிவிட்டது. எனவே உங்களுக்குக் கோடுகளாகத் தெரிந்தால், அது உங்கள் கண்ணின் குறையாக இல்லாமலும் இருக்கலாம்.

முகங்கள் குழந்தை வரைந்தது போல இருக்கின்றனவே, கைத்திறன் இல்லையா?

இதே மக்கள் செய்த வாள்பிடிகளையும் உடைக்கொக்கிகளையும் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். மயிரிழைத் தங்கத் தடுப்புகளுக்குள் சிவப்புக் கல்லை இம்மி பிசகாமல் பதித்த கைகள் அவை. காசில் அவர்கள் ஆளின் சாயலைத் தேடவில்லை. தலை என்று ஓர் அடையாளம் போதும். வாங்குகிறவன் பார்த்தது பெயரையும் எடையையும் மாற்றையும்.

அடித்த முறையும் ஒரு காரணம். கீழச்சு பட்டடையில் பதிந்திருக்கும். அதன்மேல் தங்கத் தட்டு. மேலச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஓர் அடி. தட்டு அச்சைவிடச் சிறியதாக இருந்தால் எழுத்து வெளியே போய்விடும். கை கொஞ்சம் நகர்ந்தால் முகம் ஒதுங்கிவிடும்.

தங்கம் எங்கிருந்து கிடைத்தது?

‘கால்’ (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியின் மண்ணில் எடுத்த தங்கம் என்று புரோகோப்பியஸ் சொல்கிறார். ஆனால் பெரும்பகுதி பழைய தங்கம்: ரோமானியக் காசுகளும் நகைகளும் உருக்கப்பட்டு மீண்டும் மீண்டும் அச்சேறின. போரில் கிடைத்த கொள்ளையும், கிழக்கிலிருந்து வந்த பணமும் சேர்ந்தன. இத்தாலியில் குடியேறியிருந்த லொம்பார்டியரைத் தாக்க வேண்டும் என்று கிழக்கு ரோமப் பேரரசன் மொரிஸ் பிராங்கிய அரசன் இரண்டாம் சில்டெபெர்ட்டுக்கு 50,000 சொலிடஸ் கொடுத்ததாகத் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதியிருக்கிறார். இன்னொரு அரசனான சில்பெரிக் அவரிடமே காட்டிய, பேரரசன் டைபீரியஸ் அனுப்பிய பதக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடை.

ஒரு காசுக்கு என்ன வாங்கலாம்?

சந்தையில் கீரையும் ரொட்டியும் வாங்க முடியாது. அதற்கு அது மிகப் பெரிய பணம். அபராதத்தைப் பொருளாகச் செலுத்துவோருக்காக பிராங்கியரின் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ரிபுவாரியச் சட்டம் ஒரு விலைப்பட்டியல் தருகிறது. எருதுக்கு 2 சொலிடஸ். பெண் குதிரைக்கு 3. உறையோடு கூடிய வாளுக்கு 7. வளையக் கவசத்துக்கு 12. நம் சிறிய காசில் எண்ணினால் எருதுக்கு ஆறு, வாளுக்கு இருபத்தொன்று. சுதந்திரமான ஒரு பிராங்கியனைக் கொன்றால் அவர்களின் இன்னொரு தொகுப்பான சாலிய சட்டப்படி 200 சொலிடஸ் தண்டம், அதாவது 600 சிறு காசுகள். குடும்பமே கூடித்தான் அதைக் கட்டியிருக்க முடியும்.

இங்கிலாந்துப் புதைகுழியில் பிராங்கியர் காசு எப்படி வந்தது?

சட்டன் ஹூவைக் கேட்கிறீர்கள். 1939இல் அங்கே ஒரு மண்மேட்டுக்குள் முழுக் கப்பலும் அதில் புதைக்கப்பட்ட ஓர் அரசனின் செல்வமும் வெளிப்பட்டன. அதிலிருந்த பணப்பையில் 37 பிராங்கியக் காசுகள், அச்சேறாத 3 வட்டத் தட்டுகள், 2 சிறு தங்கக் கட்டிகள். 37 காசுகளும் 37 வெவ்வேறு ஊர்களில் அடித்தவை. சும்மா கையில் இருந்த பணம் அப்படி அமையாது. யாரோ பொறுக்கி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வெற்றுத் தட்டுகள் எண்ணிக்கையை நாற்பதாக்கப் போட்டவை போல இருக்கின்றன. நாற்பது துடுப்புக்காரர்களுக்குக் கூலி, கட்டிகள் சுக்கான் பிடிப்பவருக்கு என்று நாணயவியலாளர் பிலிப் கிரியர்சன் ஒரு விளக்கம் சொன்னார். மறு உலகுக்குப் போகும் கப்பலுக்கான கூலி. நிரூபிக்க முடியாத விளக்கம்தான். ஆனால் அந்த மூன்று வெற்றுத் தட்டுகளுக்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

காசில் ஆண்டே இல்லையே. காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

அரசன் பெயர் இருந்தால் எளிது. மார்செய் நகரக் காசுகள் பலவற்றில் அது உண்டு. 629 முதல் 632 வரை மட்டும் ஆண்ட சாரிபெர்ட்டின் பெயர் பனசாக் என்ற ஊரின் காசில், கிண்ணம் பொறித்த பக்கத்தோடு கிடைக்கிறது. பெயர் இல்லாதவற்றுக்கு மாற்றுதான் வழி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம் இருந்தது. 670 வாக்கில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எனவே தங்கம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பிந்திய காசு.

இதில் ஒரு கண்ணி உண்டு. மண்ணில் கிடந்த காசின் மேல்தோலிலிருந்து செம்பும் வெள்ளியும் அரித்துப் போய்விடும். மேற்பரப்பை மட்டும் சோதித்தால் உள்ளதைவிட அதிகத் தங்கம் காட்டும். காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அடர்த்தியைக் கணக்கிடும் பழைய முறை அதற்கு உதவுகிறது, உள்ளே இருப்பதையும் சேர்த்து அளப்பதால்.

மாற்று ஏன் இறங்கியது? பிறகு பொற்காசு என்ன ஆயிற்று?

அராபியர் மத்தியதரைக் கடலை அடைத்ததுதான் காரணம் என்று பலர் படித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் எகிப்தைப் பிடிப்பதற்கு முன்பே பிராங்கியக் காசின் மாற்று இறங்கத் தொடங்கிவிட்டது. முன்பு சொன்ன கிழக்கத்திய பணம் வருவது நின்றது. கிழக்குப் பொருள்களுக்காகத் தங்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கையில் இருந்ததில் ஒரு பங்கு தேவாலயப் பேழைகளிலும் சிலுவைகளிலும் போய்த் தங்கியது.

670களில் காசு வெள்ளியாகவே மாறியது. எடையும் அளவும் ஏறக்குறைய அதே. காசடிப்பவர் பெயரும் தொடர்ந்தது. புதிய காசின் பெயர் டெனியே. 750களில், மெரோவிஞ்சியருக்குப் பின் வந்த பெப்பின் அரசன் நாணயத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தபோதுதான் காசடிப்பவர்களின் பெயர்கள் மறையத் தொடங்கின. அவன் மகன் சார்லமேன் காலத்திலும் தங்கம் அடித்தார்கள், மிக அபூர்வமாக: ஆர்ல் நகரில் அடித்த அவனுடைய சொலிடஸ் ஒன்று 1996இல் ஜெர்மனியின் இங்கெல்ஹைமில் கிடைத்தது.

சில்டெரிக் கல்லறையில் கிடைத்த காசுகளை எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது, எழுதும்போதே மனம் வலிக்கிறது. சில்டெரிக் குளோவிஸின் தந்தை. 1653இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில், வாய்பேசாத, காது கேளாத ஒரு கொத்தனாரின் கடப்பாரையில் அவன் கல்லறை தட்டுப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள், பெரும்பாலும் பேரரசன் ஸீனோவுடையவை, இருநூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், தங்கத் தேனீக்கள், பெயர் பொறித்த முத்திரை மோதிரம். 1831இல் பாரிஸ் நூலகத்தில் திருடர்கள் புகுந்து இவற்றைக் கொண்டுபோய்ப் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1655இல் அச்சான படங்கள் இருப்பதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது.

எஞ்சியவற்றுள் வாளின் பாகங்கள் உண்டு. அவற்றில் உள்ளதைப் போன்ற சிவப்புக் கற்களை ஆய்வகங்களில் சோதித்ததில், அக்காலத்துக் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரியவந்தது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவை அருகி, பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சிறிய கற்கள் அந்த இடத்தைப் பிடித்தன. பொற்காசு வெளியே போன வழிகளில் இதுவும் ஒன்று.

இணையத்தில் ஏலத்துக்கு வருகிறது. போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போலித் தங்கம் பிராங்கியருக்குப் புதிதல்ல. ரக்னகார் என்ற அரசனின் ஆட்களை விலைக்கு வாங்க, குளோவிஸ் தங்கப் பூச்சிட்ட வெண்கலக் காப்புகளைக் கொடுத்தான். ஏமாந்தவர்கள் முறையிட்டபோது, தலைவனைக் காட்டிக்கொடுப்பவனுக்கு இந்தத் தங்கம்தான் தகும் என்றானாம், கிரெகோரி எழுதியிருக்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியவை: எடையைக் கேளுங்கள்; 1.3 கிராமிலிருந்து வெகுவாக விலகினால் காரணம் கேளுங்கள். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் அது அச்சடித்ததல்ல, வார்த்தது. அதே காசின் புகைப்படம் பழைய ஏலப் பட்டியல் ஏதாவதில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே கிடைத்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், காசு உண்மையாக இருந்தாலும் வாங்காதீர்கள். இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பாதி இழந்த காசு.

என்னிடம் உள்ள படத்தில் ஊரின் பெயர் பாதிதான் தெரிகிறது. மீதியை ஊகித்து எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தக் காசுகளில் உள்ள ஊர்களில் பல இன்று எங்கே என்றே அடையாளம் காணப்படவில்லை. தவறான ஊகம் ஒன்று அச்சேறினால் அடுத்தவர் அதை நம்பி இல்லாத ஊரைத் தேடுவார். தெரியும் ஒவ்வொரு கோட்டையும், திரும்பி நிற்பதைத் திரும்பி நிற்பதாகவே, வரைந்துகொள்ளுங்கள். ஒரே அச்சில் பல காசுகள் அடிக்கப்பட்டிருக்கும். உங்கள் காசில் வெளியே போன எழுத்து, அதே அச்சின் இன்னொரு காசில், கை வேறு பக்கம் நகர்ந்ததால், உள்ளே விழுந்திருக்கக்கூடும். அது கிடைக்கும் வரை அந்த இடத்தில் புள்ளி வைத்துவிடுங்கள்.